படித்துக் காட்டப்பட்டது

என்ன தொழில் செய்கிறாய் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "பத்திரம் எழுதுகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் வீட்டுப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டு, அப்பா சொத்தில் அண்ணன் செய்த அக்கிரமத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதைக்கூடக் கேட்டுவிடலாம். உண்மையைச் சொன்னால்தான் ஆபத்து. மயிலாப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில், முதலீட்டு ஃபண்டுகளுக்குச் சட்ட அமைப்பு செய்து கொடுக்கிற வக்கீல் என்று ஒரு தடவை சொல்லித் தொலைத்தேன். பாயசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர், எதில் போட்டால் மூன்று வருஷத்தில் இரண்டு மடங்காகும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்துவைத்துக்கொண்டு சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று அவர் அந்தப் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்.

எனக்கு நிஜமாகவே தெரியாது. பணத்தைப் பெருக்குவது என் வேலை இல்லை. பத்துப் பதினைந்து பெரிய மனிதர்கள் பணத்தை ஒன்றாகப் போட நினைக்கிறார்கள். போட ஒரு பாத்திரம் வேண்டும். அதை நான் காகிதத்தில் செய்து கொடுக்கிறேன். எண்பது பக்கம், நூறு பக்கம் வரும். பாத்திரம் ஓட்டையானால் யார்மேல் பழி விழாது என்று பாதிப் பக்கங்கள் சொல்லும். யார்மேல் விழும் என்று மீதிப் பக்கங்கள் சொல்லும். கட்சிக்காரர்கள் முதல் பாதியை மட்டும் படிப்பார்கள். இரண்டாம் பாதிக்கு வேண்டிய ஆளை அவர்களே கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்த ஆளுக்கு டிரஸ்டி என்று பெயர். பணம் போடுகிறவர்கள் ஒரு பக்கம், அதை எங்கே முதலீடு செய்யலாம் என்று முடிவு செய்கிற மேனேஜர் ஒரு பக்கம், நடுவில் டிரஸ்டி. சட்டத்தின் கண்ணில் பணம் டிரஸ்டியின் கையில் இருக்கிறது. மேனேஜர் ஒழுங்காக இருக்கிறாரா என்று அவர் பார்க்க வேண்டும். தப்பு நடந்தால் தட்டிக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அவரே பதில் சொல்ல வேண்டும். இதையே தொழிலாகச் செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன. வருஷக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டு மேனேஜர் உயிரை எடுப்பார்கள். காசு கொடுத்து யாராவது தன்னைக் கேள்வி கேட்கச் சொல்வார்களா? நம் ஊர்ப் பணக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. தட்டிக் கேட்கவேண்டிய நாற்காலியில், எதிரே நிமிர்ந்து உட்காரக்கூடத் தெரியாத ஒரு ஆளை உட்காரவைப்பார்கள். கடையில் முப்பது வருஷம் பொட்டலம் கட்டியவர், சமையல்காரர், டிரைவர்.

பத்திரம் இங்கிலீஷில் இருக்கும். டிரைவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், அவருடைய கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி வரும்: "மேற்கண்ட பத்திரம் முழுவதும் அன்னாருக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது; அவர் அதை நன்கு புரிந்துகொண்டு கையொப்பமிட்டார்." அதற்குக் கீழே வக்கீலின் கையெழுத்து. அதாவது என் கையெழுத்து.

இத்தனை வருஷத்தில் நான் ஒருவருக்கும் படித்துக் காட்டியதில்லை. "எங்கம்மா போடணும்?" என்று கேட்பார்கள். விரலை வைத்துக் காட்டுவேன். போடுவார்கள். அந்த வரியை ஒவ்வொரு தடவையும் அடிக்கச் சோம்பல்பட்டு ரப்பர் ஸ்டாம்ப்பே செய்து வைத்திருந்தேன்.

நான் சொல்லவந்த கட்சிக்காரரின் அப்பா தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். மகன் கடை இருந்த கட்டடத்தை ஜவுளிக்காரர்களிடம் விற்றுவிட்டு அடையாறில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குச் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. ஃபண்டு நடத்தப்போகிறேன் என்று கிளம்பினார். ஐம்பது வயதுக்கு மேல் போனில் வீடியோ பார்த்து நாலு வார்த்தை கற்றுக்கொண்டு, அந்த நாலையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். அவரை என்னிடம் கொண்டுவந்தவர் மயிலாப்பூர் ஆடிட்டர். எழுபது தாண்டியவர். வீட்டிலேயே ஆபீஸ். வேட்டி, பனியன், மேலே ஒரு துண்டு. அந்தத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது, எழுந்து போ என்று அர்த்தம்.

ஆடிட்டர் வீட்டில்தான் முதலில் பேசினோம். டிரஸ்டி யார் என்று கேட்டேன்.

"நம்ம டிரைவர்தான் மேடம்" என்றார் கட்சிக்காரர். "பத்தொன்பது வருஷமா எங்கூட இருக்கான். ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டதில்ல. தங்கம்."

"கேள்வி கேக்கறதுதான் சார் டிரஸ்டி வேலையே."

ஆடிட்டர் சிரித்தார். "நீ ஒண்ணு. எங்காத்து சமையல் மாமி நாலு கம்பெனில டைரக்டர். ரசத்துக்குத் தாளிச்சுக் கொட்டிண்டே கையெழுத்துப் போடுவா. என்ன கெட்டுப்போச்சு இப்போ?"

டிரஸ்டி கம்பெனி ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். செலவு என்றார்கள். நான் அதற்கு மேல் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பத்திரம் எழுதினேன். இதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு டிரைவரைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. வழக்கமான விஷயம்.

கோபம் வந்தது அதற்கு அடுத்த வாரம். வரைவை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கட்சிக்காரர் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார். பாத்திரக் கடைக்காரர் பிள்ளை அல்லவா.

"எண்பத்தி நாலு பக்கம். இதுல பாதி போன கட்சிக்காரருக்கு எழுதினதுதானே மேடம்? கட் பேஸ்ட். பேரை மட்டும் மாத்தியிருப்பீங்க. யாரும் படிக்காத பேப்பருக்கு எதுக்கு இவ்ளோ ஃபீஸ்?"

ஆடிட்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது சுட்டது. சொன்னது பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பாதிக்கு மேல் உண்மை. நான் மட்டும் இல்லை, இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். எவனோ ஒருவன் எப்போதோ எழுதியதை ஊர் முழுக்க நகல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதை இவர் சொல்வதா?

யாரும் படிக்க மாட்டார்கள் என்கிறாயா? படிக்கிறேன், இரு என்று நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்துக்கு ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள் ஒரு புதன்கிழமை. ஆனி மாதக் கடைசி நாள். காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம். விட்டால் மறுநாள் ஆடி. ஆடியில் இவர்கள் புதுத் துடைப்பம்கூட வாங்க மாட்டார்கள். ஃபண்டு மட்டும் தொடங்குவார்களா?

ஒன்பது மணிக்கு அடையாறு வீட்டுக்குப் போய்விட்டேன். ஹாலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவின் கடைத் தராசு. பளபளவென்று தேய்த்து, உள்ளே விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். தொழிலை விற்றுவிட்டுத் தராசைச் சாமியாக்கி இருக்கிறார்கள். பத்திரத்தை ஒரு வெள்ளித் தட்டில் வைத்து வீட்டம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்தார். முத்திரைத்தாளில் மஞ்சள் பட்டால் ரிஜிஸ்டர் ஆபீஸில் திருப்பிவிடுவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பின்பக்கத்தில் நாலு மூலையிலும் வைத்தார்.

டிரைவரை ஹாலுக்குள் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. சோபாவில் உட்காரச் சொன்னதும் நுனியில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் அந்த சோபாவில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"மேடம், எங்க போடணும்னு காட்டிடுங்க" என்றார் கட்சிக்காரர்.

"முதல்ல படிக்கணும் சார்."

"என்ன படிக்கணும்?"

"இதை. கடைசிப் பக்கத்துல படிச்சுக் காட்டினதா நான் கையெழுத்துப் போடணும். படிக்காம எப்படிப் போடறது?"

ஆடிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விளையாடாதேம்மா. இத்தனை வருஷமா எப்படிப் போட்டே?"

"தப்பாப் போட்டேன்."

டிரைவர் பக்கம் திரும்பி, இது என்ன பத்திரம் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"சாட்சி கையெழுத்து மேடம்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "சார் எந்த நெலம் வாங்குனாலும் நான்தான் சாட்சி."

"இது சாட்சி இல்லீங்க. பத்திரமே உங்க பேர்லதான்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நான் படிக்கத் தொடங்கினேன்.

நான் எழுதியதை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகக் கேட்டேன். இங்கிலீஷில் பதினோரு வரி ஓடுகிற ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தால், "மேனேஜர் யாரையும் கேட்காமல் செய்யலாம்" என்று முடிந்துவிட்டது. அடுத்த பத்தி முழுவதும், "அதற்கு அவர் பொறுப்பில்லை." ஒரு பக்கத்தில் தமிழில் சொல்ல ஒன்றுமே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் வாங்கியிருந்தேன்.

எட்டாவது பக்கத்தில் டிரைவர் கையை லேசாகத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

"இருங்க மேடம். அப்போ துட்டு என் பேர்லயா கீது?"

"சட்டப்படி ஆமாம்."

"இன்னா சார் இது?"

"அதெல்லாம் பேப்பர்லப்பா. சும்மா" என்றார் முதலாளி.

"பேப்பரு சும்மான்றீங்களே சார்" என்றார் டிரைவர். எதிர்த்துப் பேசுகிற தொனியே இல்லை, யோசித்துக்கொண்டே சொன்னார். "ஆத்தோரம் எங்க வூட்ட இடிக்கசொல்லோ ஒரு பேப்பரத்தான் காட்டுனாங்க. பெரும்பாக்கத்துல வூடு குடுக்கசொல்லோவும் ஒரு பேப்பர்தான் குடுத்தாங்க."

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். டிரஸ்டியின் கடமைகள். மேனேஜர் தப்பு செய்தால் டிரஸ்டி எழுத்து மூலம் கேட்க வேண்டும், மேனேஜர் ஏழு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"மேனேஜர்ன்றது யாரு?"

"சார்தான்."

"சாரை நான் கேக்கணும். சாரு ஏழு நாள்ல பதில் சொல்லணும்." டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லீவு கேட்டாலே பத்து நாளு ஆவுது மேடம்."

வீட்டம்மா மஞ்சள் கிண்ணத்தோடு திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. ஆடிட்டர் சிரிக்கவில்லை.

"சரி, நான் கேக்கல. அப்போ?"

"உங்களைக் கேப்பாங்க. ஃபண்டுகளைக் கண்காணிக்கற சர்க்கார் ஆபீஸ் மும்பையில இருக்கு, அங்கேர்ந்து நோட்டீஸ் வரும். பணம் போட்டவங்க கேஸ் போடலாம். தெரிஞ்சும் சும்மா இருந்தீங்கன்னு நிரூபிச்சா, உங்க சொந்தப் பொறுப்பு."

"வூட்டுக்கு வருவாங்களா?"

"உங்க பேர்ல இருக்கற எதுக்கும் வரலாம்."

"வூடு எம்பேர்ல இல்ல. என் வூட்டுக்காரம்மா பேர்ல கீது" என்று அவசரமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அது நல்லதா கெட்டதா என்று என் முகத்தைப் பார்த்தார்.

"மணி பத்தாச்சுங்க" என்றார் வீட்டம்மா. நான் முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தேன்.

"மேடம், பக்கத்தைத் தள்ளுங்க. மிச்சத்தை அப்புறம் படிச்சுக்கலாம்."

"யாரும் படிக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இவர் நல்லாக் கேக்கறாரு, பாருங்க."

அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கட்சிக்காரர் பேனாவின் மூடியைத் திறந்து டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"சார், வூட்ல ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்றேன்."

"டேய், நாளைக்கு ஆடி பொறந்துரும்டா!"

"அது கீது சார். ஆனா அவ பேர்ல கீற வூடு."

பத்தேகாலுக்குச் சாமி அறையில் வைத்திருந்த அலாரம் அடித்தது. நேரம் தொடங்கும்போது ஒரு அலாரம், முடியும்போது ஒரு அலாரம் வைத்திருக்கிறார்கள். ஆடிட்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். கட்சிக்காரர் என்னைப் பார்த்து, "உங்க ஃபீஸ் வந்துரும் மேடம். இனிமே நீங்க வர வேணாம்" என்றார்.

நான் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வழியில் நின்று ஒரு பொங்கல், ஒரு வடை, ஒரு காபி. நன்றாகப் பசித்தது. எண்பத்தி நாலு பக்கத்தை முகத்தில் விட்டெறிந்துவிட்டு வந்ததுபோல ஒரு சந்தோஷம். அந்த சோபா நுனியில் உட்கார்ந்திருந்தவருக்கு இனி என்ன ஆகும் என்று வடை தீரும்வரை தோன்றவில்லை. தீர்ந்த பிறகும் தோன்றவில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை. என் ஆபீஸ் மயிலாப்பூரில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. கீழே தெருமுனையில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஸ்பீக்கர் ஜன்னலுக்கு நேராக. டிரைவரும் அவர் மனைவியும் படியேறி வந்தார்கள். அந்த அம்மாள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவு வேலை. கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது. டிரைவர் நின்றார். அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"படிச்ச மேடம் நீங்கதானா?"

"ஆமாம்."

"பாதில நிறுத்திட்டீங்களாமே. மிச்சத்த படிங்க."

விஷயம் இதுதான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். போட்டால் வீட்டுக்கு என்ன ஆகுமோ, போடாவிட்டால் வேலை போகும். இரண்டில் எது என்று முடிவு செய்ய அந்த அம்மாளுக்கு மிச்சம் ஐம்பத்து மூன்று பக்கமும் தெரிய வேண்டியிருந்தது. கோடி கோடியாகப் போடுகிற ஒருவர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

கம்ப்யூட்டரில் இருந்த வரைவைத் திறந்து படித்தேன். ஸ்பீக்கர் சத்தத்துக்கு மேல் கத்திப் படித்தேன். ஐம்பத்தேழாம் பக்கம் வந்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. டிரஸ்டிக்கு வருஷ ஊதியம் என்று ஒரு பத்தி. நான்தான் எழுதியிருந்தேன். எழுதியது நினைவே இல்லை. போன கட்சிக்காரரின் பத்திரத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. தொகையை மட்டும் ஆடிட்டர் மாற்றி அனுப்பியிருந்தார்.

"இன்னொரு தபா படிங்க."

படித்தேன்.

"இவரு ஆறு மாசம் ஓட்னாகூட இவ்ளோ வராது. இத்த உங்க சாரு சொல்லவே இல்லியேய்யா?" என்று கணவரைக் கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். "குடுக்காத துட்ட இன்னாத்துக்கு மேடம் எழுதுறாங்க?"

நான் சொன்னேன். எழுதியே ஆக வேண்டும், இல்லையென்றால் டிரஸ்டி நிஜமான டிரஸ்டி மாதிரி தெரிய மாட்டார். இவர் பெயரில் ஒரு பேங்க் கணக்கு திறப்பார்கள். பணம் அதில் வரும். செக் புத்தகத்தில் முதலிலேயே எல்லா இலையிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். வந்த வழியே பணம் போய்விடும்.

"உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் கீது."

"தெரியும்."

"எத்தினி வருஷமா இந்த வேல செய்றீங்க? எத்தினி பேருக்கு இப்டி படிச்சுக் காட்னீங்க?"

"யாருக்கும் இல்லை."

"அப்போ எங்காளுக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். மனசாட்சி, தொழில் தர்மம் என்று ஏதாவது. அந்த அம்மாள் பார்த்த பார்வையில் வாயில் வரவில்லை.

"உங்க முதலாளி மேல எனக்குக் கோவம். என்னை மட்டமாப் பேசினாரு."

"நல்லா கீதே" என்றார். "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு எங்க வூட்டு அடுப்புதான் கெடச்சுதா?"

"வுடும்மா, மேடம் இன்னா பண்ணுவாங்க" என்றார் டிரைவர்.

"நீ கம்னு கெட. பத்தொம்போது வருஷமா கம்னுதான இருந்த, அப்டியே இரு."

கீழே ஸ்பீக்கர் நின்றது. அந்த அம்மாள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு முடிவு செய்தவராகச் சொன்னார்.

"கையெழுத்து போடட்டும் மேடம். வேல வேணும். ஆனா அதுல எழுதி கீற மாதிரியே எல்லாம் நடக்கணும். சம்பளம் இவரு கையில. செக் புக்கு எங்க வூட்ல. மூணு மாசத்துக்கு ஒரு தபா கணக்கு. வர்ற கடுதாசிய தமிழ்ல படிச்சுக் காட்ட ஒரு ஆளு. சாருக்கு நம்பிக்கையான ஆளுன்னா நம்பிக்கையா நடத்தட்டுமே. இத்த ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. காசு தர மாட்டேன்."

எழுதிக் கொடுத்தேன். தமிழில், ஆறு வரி. வேறு யாருடைய பத்திரத்திலிருந்தும் எடுக்காமல் நான் எழுதியது பல வருஷங்களில் அது ஒன்றுதான். கடைசி வரியாக, ஏழு நாளுக்குள் பதில் வேண்டும் என்று போடச் சொன்னது டிரைவர். அவருக்கு அந்த ஏழு நாள் மிகவும் பிடித்துப்போயிருந்தது.

மூன்றாம் நாள் ஆடிட்டர் போன் செய்தார்.

"டிரைவர் லெட்டர் கொடுக்கறான்! ஏழு நாள்ல பதில் வேணுமாம். நீதானே எழுதிக் கொடுத்தே? வெக்கமா இல்லை உனக்கு?"

"இருக்கு மாமா. ஆனா இதுக்கு இல்லை."

டிரைவர் ஏழு நாளும் வழக்கம்போல விடியற்காலையில் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கார் துடைத்து, முதலாளியை நடைப்பயிற்சிக்கு பீச்சுக்குக் கூட்டிப்போய்த் திரும்பினார். ஏழு நாளும் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை. எட்டாம் நாள் முதலாளி கார் சாவியைக் கேட்டார். "எங்கிட்டயே ரேட் பேசுறியா?" என்று ஒரே ஒரு கேள்வி. பத்தொன்பது வருஷம் அவ்வளவுதான். இதை அந்த அம்மாள் போனில் சொன்னார். அழவில்லை. திட்டினார். முதலாளியைத் திட்டிவிட்டு அதே மூச்சில் என்னையும் திட்டினார். கேட்டுக்கொண்டேன். நங்கநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுச் சொன்னேன். டிரைவர் அதில் சேர்ந்தார். சம்பளம் குறைவு.

ஆவணியில் அந்த ஃபண்டு பத்திரம் கையெழுத்தாகி, ரிஜிஸ்டரும் ஆனது. வேறு வக்கீல். என்னுடைய அதே எண்பத்தி நாலு பக்கம், டிரஸ்டி பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். கட் பேஸ்ட். பணம் போட்டவர்களில் ஒருவர் என் பழைய கட்சிக்காரர், ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று நகலை எனக்கு அனுப்பினார். அப்படித்தான் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருந்தது. தமிழில் படித்துக் காட்டப்பட்டது, நன்கு புரிந்துகொண்டு. டிரஸ்டி, ஆடிட்டர் வீட்டுச் சமையல் மாமி.

ஃபண்டு நன்றாகத்தான் நடக்கிறது என்கிறார்கள். இதுவரை ஒரு தப்பும் இல்லை. நோட்டீஸ் வரவில்லை, கேஸ் வரவில்லை. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு அதே காரை ஓட்டிக்கொண்டிருப்பார். இதை எனக்கு நினைவுபடுத்த வேறு யாரும் தேவையில்லை. அந்த அம்மாள் ஒருவர் போதும். மாதம் ஒரு தடவையாவது போன் செய்வார், வேன்காரர் சம்பளம் இழுத்தடிக்கிறார் என்று சட்டம் கேட்க. அப்படி ஒரு தடவை, "இப்ப யாரு மேடம் அதுல கையெழுத்து போட்டது?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அந்த அம்மாக்குப் படிச்சாங்களா?"

"இல்லை."

"உங்ககிட்டதான் அந்த பேப்பர் கீதே. அப்புறம் இன்னா? போய்ப் படிங்க. இப்ப யாரு மேலயும் கோவம் இல்லியே? அப்டியே போங்க."

ஆடிட்டர் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். இரண்டரைக்குக் கொல்லைப்பக்க வாசல் வழியாகப் போனேன். மாமி சமையலறையைக் கழுவிவிட்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பரில் வரன் விளம்பரம் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு ஒரு கால் இல்லை, நூல் கட்டியிருந்தார். நான் யார் என்று தெரியும். காபி கொடுத்திருக்கிறார்.

"மாமா தூங்கறார்" என்றார்.

"உங்களைப் பாக்கத்தான் மாமி வந்தேன். நீங்க கையெழுத்துப் போட்டேளே, அதைப் படிச்சுக் காட்டலாம்னு."

"எது?"

"அடையாறுக்காரர் பத்திரம்."

மாமி பேப்பரை மடித்தார். உள்ளே ஆடிட்டரின் குறட்டை கேட்டது. மாமி எழுந்து போய் அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

"அதுக்கு முன்னாடியே நாலு கம்பெனிக்குப் போட்டது இருக்கே" என்றார் மெதுவாக. "அதெல்லாம் யார் படிப்பா?"

அந்த நாலில் இரண்டு, ஆடிட்டர் சொல்லி நான் எழுதிக் கொடுத்தவை; கடைசிப் பக்கத்தில் என் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. மாமிக்கு அது தெரியாது. சொன்னேன். மாமி மணையை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. மூணரைக்குப் பால் காய்ச்சணும். அதுவரைக்கும் படி."